டி சிகாவோட முதல் படம் காமெடியா?

கேள்வி: 'சைக்கிள் திருடர்கள்' படம் எடுத்த இத்தாலிக்காரர் விட்டோரியோ டி சிகா டைரக்டரா ஆரம்பிச்சதே ஒரு காமெடி படத்துலதான்னு சொல்றாங்க, நிஜமாவா? என்ன கதை?

பதில் 1: ஆமாங்க, 1940ல வந்த 'ரோஸே ஸ்கார்லாட்டே', ஜியுசெப்பே அமாட்டோவோட சேர்ந்து பண்ணாரு, ஹீரோவும் அவரேதான். புருஷன் வேற ஒருத்திக்கு பேர் போடாம அனுப்புற ரோஜா சொந்த பொண்டாட்டி கைக்கே போய்டுது, யாரோ ரகசியமா தன்னை விரும்புறாங்கன்னு அவ கனவு காண ஆரம்பிக்க, இவரு மெல்லவும் முடியாம விழுங்கவும் முடியாம முழிக்கிறதுதான் மொத்த கதையும்.

பதில் 2: ஒரிஜினல் ஆல்டோ டி பெனெடெட்டியோட மேடை நாடகம், 1936. முக்கிய கேரக்டரே மூணு பேர்தான், புருஷன், பொண்டாட்டி, ஃப்ரெண்டு, அதனால எல்லாம் டயலாக்லயே ஓடும். பெனெடெட்டி யூதர், இத்தாலியில யூதர்களுக்கு எதிரா வந்த 1938 இனச் சட்டங்களுக்கு அப்புறம் பல படத்துக்கு பேர் போடாமதான் எழுதினாரு.

கேட்டவர்: அடடா! சப்டைட்டிலோட எங்க கிடைக்கும்?