மதுரை அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் ப்ரீ-கேஜி: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். இரண்டே முக்கால் வயதுக் குழந்தையை ஜூனில் சேர்க்க இடம் தேடுகிறோம். "நல்ல ஸ்கூல்தான்" என்பதைவிட உள்ளே போய்ப் பார்த்த விவரம் வேண்டும்.

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆயாம்மா? வகுப்பு தரைத்தளத்திலா? முக்கியமாகக் கழிப்பறை: வகுப்பை ஒட்டி, குழந்தை உயரத்துக்கு இருக்கிறதா? பெரியவர்களுக்கான உயரத்தில் இருந்தால் இந்த வயதுப் பிள்ளைகள் பயந்து, வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுவார்கள். பிறகு நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் எல்லாம் அதில்தான் ஆரம்பிக்கும். குழாயும் எட்டுகிறதா என்று பார்த்தீர்களா?

முதல் வாரம் அம்மாவோ பாட்டியோ கூட உட்கார விடுகிறார்களா?

இப்போதே நாலு கோடு நோட்டில் எழுத வைக்கும் இடம் வேண்டாம். விரல்களுக்கு இன்னும் பலம் வராத வயது. மாவு பிசைவது, மணி கோர்ப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது நடந்தால் போதும்.

கட்டணத்தில் சேர்க்கை, பருவம், சீருடை, வேன் தனித்தனியாக எவ்வளவு? நடுவில் நிறுத்தினால் எது திரும்பக் கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் ரசீது தருகிறார்களா?

வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் இருக்கிறாரா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.