ஃபேன் ஓடுகிறது, தீ பிடிக்கவில்லை: மோட்டார்ஹோம் ஹீட்டர், ஏசி அனுபவங்கள்

நடு ராத்திரி, வெளியே உறைபனி. வீடுபோல் தங்கும் எங்கள் வண்டியில் ஃபர்னஸ், அதாவது கேஸில் எரியும் ஹீட்டரின் ஃபேன் ஓடுகிறது, வருவதெல்லாம் குளிர்காற்று. நின்றுவிடும், திரும்பப் போட்டால் அதே கதை. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன், நீலமாக எரிந்தது. மகள் போர்வைக்குள் சுருண்டுகொண்டு "இன்னும் வரலையாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேட்டரி மீட்டரைப் பார்த்தால் 11 வோல்ட்டுக்கும் கீழே. இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். ஃபேன் சத்தம் சட்டென்று ஏறியது, டிக் டிக், அப்புறம் 'பொப்' என்று தீ பிடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காற்று போதிய வேகத்தில் வந்து உள்ளே இருக்கும் சின்னத் தகட்டைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும். வோல்டேஜ் இறங்கினால் ஃபேன் மந்தமாகிவிடும், தகடு அசையாது. சுவரில் அவ்வளவு பெரிய டிஸ்ப்ளே இருக்கிறதே, பேட்டரி குறைவு என்று ஒரு வரி காட்டக் கூடாதா? இதுதான் இன்றும் உறுத்துகிறது.

---

எல்லாவற்றுக்கும் பேட்டரியைச் சொல்ல முடியாது. எங்களுக்கு 12.6 வோல்ட் இருந்தும் இதே தொல்லை. ஃபர்னஸ் காற்றை இழுக்கும் கிரில்லை அடைத்துக்கொண்டு பைகள் கிடந்தன, நகர்த்தியதும் பற்றிக்கொண்டது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர் இன்ஜினை ஓடவிட்டது எனக்குப் பயமாக இருக்கிறது. பனி கொட்டி சைலன்சர் குழாய் அடைபட்டால் புகை வண்டிக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, குமட்டல் வந்தால் யோசிக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. எப்போது மாற்ற வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கும், இன்றே பாருங்கள். குளிர்காய அடுப்பை எரிக்கவே எரிக்காதீர்கள். அது உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்னும், ஜன்னலெல்லாம் ஈரம் வழியும். சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். பியூட்டேன் 0 டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும்.

---

எனக்கு நேர்ந்தது கோடையில். புழுக்கமான ராத்திரி, கூரை ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது, காற்று மட்டும் குறைந்துகொண்டே போனது. உள் மூடியைக் கழற்றினால், குழாய்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரே ஐஸ் பாளம்! வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஐஸைத் தொட்ட அந்த நிமிஷம் மறக்காது. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் விட்டோம், உருகியது. ஃபேன் மெதுவாகவும் ஃபில்டர் அழுக்காகவும் இருந்து, காற்றில் ஈரமும் சேர்ந்தால் இப்படித்தான் உறையும். சர்வீஸில் கேட்டபோது கேஸ் நிரப்ப வேண்டும் என்றார்கள். ஃபில்டரைக் கழுவியதோடு சரி, பிறகு உறையவே இல்லை.

---

ஃபர்னஸ் கேஸைக் குடிக்கிறது, கரண்ட் ஹீட்டர் போதும் என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரண்ட் இணைப்பு உள்ள முகாமில் எங்கள் அண்ணனும் அதையேதான் சொன்னார். ராத்திரி முழுக்க உள்ளே கதகதப்பு, எல்லோரும் சட்டையோடு தூங்கினோம். காலையில் அண்ணி குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. பல வண்டிகளில் ஃபர்னஸின் சூடான காற்றில் ஒரு பங்கு தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, குழாய் இருக்கும் இடத்துக்குப் போகும். உள்ளே குளிர்ந்தால் ஃபர்னஸை எழுப்புவது தெர்மோஸ்டாட்தான்; கரண்ட் ஹீட்டர் அதைச் சுற்றியே சூடாக்கிவிட்டதால் ஃபர்னஸ் ஒரு தடவைகூட எழவில்லை, அடியில் எல்லாம் உறைந்துவிட்டது. அண்ணன் இன்றுவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை, பம்ப்தான் பழுது என்கிறார்.

---

முதல் பதிவு என்னுடையது. இன்ஜின் ஓடிய நேரம் முழுக்க நான் விழித்தே இருந்தேன், புகைக்குழாயைச் சுற்றிப் பனியும் இல்லை. பேட்டரி ஏறியதும் அணைத்துவிட்டேன். கிரில் விஷயத்துக்கு நன்றி, எங்கள் வண்டியிலும் அது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.