ஹெர்குலிஸ் எப்படி ஹீரோ? அந்த வார்த்தைக்கு நிஜமான அர்த்தம் என்ன?

ஞாயிறுகதை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெரு நூலகத்துல ஞாயித்துக்கிழமை காலைல பசங்களுக்கு கதை சொல்றேன், இந்த மாசம் கிரேக்கக் கதைங்க. போன வாரம் ஹெர்குலிஸ். அவன் ஏன் பன்னெண்டு வேலை செய்ய வேண்டி வந்துச்சுன்னு சொல்லணும்னா புத்தி பேதலிச்சுப் போய் சொந்தப் புள்ளைங்களையே கொன்னதையும் சொல்லித்தான ஆகணும், கொஞ்சம் பதமா சொன்னேன், உடனே எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு எந்திரிச்சு "அக்கா அப்ப அவன் வில்லன்தான, எதுக்கு ஹீரோன்னு சொல்றீங்க"ன்னு கேட்டுட்டா. எனக்கு சட்டுனு பதில் வரல. அடுத்த வாரம் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சா அவ கேட்டது ரொம்ப சரி. ட்ராய் சண்டைல அக்கிலீஸ் கோவிச்சுக்கிட்டு கூடாரத்துல உக்காந்ததால அவன் பக்கத்து ஆளுங்களே கொத்துக் கொத்தா செத்தாங்க. ஒடிசியஸ் வாயத் திறந்தா பொய். ஈடிபஸ் அப்பாவ கொன்னவன். இவங்க எல்லாரையும் ஹீரோன்னு எழுதி வச்சிருக்காங்களே, அந்த ஊர்க்காரங்க அந்த வார்த்தைய என்ன அர்த்தத்துல சொன்னாங்க? தமிழ்ல வீரன்னு சொல்றதா, நாயகன்னு சொல்றதா, தலைவன்னு சொல்றதா? இன்னொண்ணு, நம்ம வீரன்லருந்துதான் ஹீரோ வந்துச்சுன்னு வாட்ஸப்ல ஒரு ஃபார்வேர்ட் சுத்துது, அது உண்மையா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமாவே எழுதுங்க, நான் போய் அந்தப் பொண்ணு முன்னாடி நிக்கணும்.

பழங்கல்:

நல்ல கேள்வி மேடம், அந்தப் பொண்ணுக்கு என் வாழ்த்த சொல்லிடுங்க. நம்ம மனசுல ஹீரோன்னா நல்லவன், ஜெயிக்கிறவன். பழைய கிரேக்கத்துல ஹேரோஸ்னா, ஹீரோவுக்கு அவங்க வார்த்த அதுதான், முதல்ல அவன் செத்திருக்கணும். செத்த அப்புறமும் அவனுக்கு சக்தி இருக்கணும், அந்த சக்தி அவனப் பொதச்ச இடத்துல இருக்கும், ஊரே அந்தக் கல்லறைக்குப் போய் படையல் போடும். உயிரோட இருந்தப்ப நல்லவனா கெட்டவனான்றது ரெண்டாவது பேச்சு.

இதுக்கு ஒரு கதை சொல்றேன், ஆனா பசங்ககிட்ட பாத்து சொல்லுங்க. அஸ்டிபலேயான்னு ஒரு தீவு, அங்க கிளியோமிடீஸ்னு ஒரு குத்துச்சண்டைக்காரன். கி.மு. 492 ஒலிம்பிக்ல எதிராளிய அடிச்சே கொன்னுட்டான், தப்பாட்டம்னு சொல்லி நடுவருங்க அவன் ஜெயிச்சத பறிச்சுட்டாங்க, அந்த வேதனைல புத்தி கெட்டு ஊருக்கு வந்தவன் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள போய் கூரையத் தாங்குற தூண இழுத்துத் தள்ளிட்டான், உள்ள அறுபது புள்ளைங்க. ஊர்க்காரங்க கல்லெடுத்து தொரத்த, அதீனா கோவிலுக்குள்ள ஓடி அங்க இருந்த ஒரு பெட்டிக்குள்ள பூந்து மூடிய இழுத்துக்கிட்டான். எவ்ளோ இழுத்தும் திறக்கல, பலகைய ஒடச்சுப் பாத்தா உள்ள ஆளே இல்ல, பொணமும் இல்ல. பயந்து போய் குறி சொல்றதுக்குப் பேர் போன டெல்ஃபி கோவில்ல குறி கேட்டாங்க. வந்த பதில் என்னன்னா, அவன்தான் ஹீரோக்கள்ல கடைசி ஆளு, இனி அவன் மனுஷன் இல்ல, அவனுக்குப் பலி குடுத்து கும்பிடுங்க. கும்பிட்டாங்க. அவன் நல்லவன்னு அந்த ஊர்ல ஒருத்தனும் நெனச்சிருக்க மாட்டான், அவன் சக்திக்குப் பயந்தாங்க, அவ்ளோதான். ஹெர்குலிஸ், ஈடிபஸ் எல்லாரையும் இந்தக் கண்ணால பாருங்க, குழப்பம் போயிடும்.

எலும்புக்கே சண்டை நடந்திருக்கு. ஸ்பார்ட்டாக்காரங்க தெகேயா ஊர்கூட மோதி மோதித் தோத்துக்கிட்டே இருந்தாங்க, டெல்ஃபில கேட்டா பழைய கதைல வர்ற ராஜா ஒரெஸ்டீஸோட எலும்ப கொண்டாங்கன்னு சொல்லுச்சு. தெகேயால ஒரு கொல்லர் முத்தத்துல கெணறு தோண்டறப்ப ஏழு முழம் நீளத்துக்கு ஒரு சவப்பெட்டி கெடச்சுச்சாம், உள்ள இருந்த உடம்பும் அதே நீளம். லிகாஸ்னு ஒரு ஸ்பார்ட்டாக்காரர் இத பேச்சுவாக்குல கேட்டு அந்த எலும்புகள ஊருக்குக் கொண்டு போய்ட்டாரு, அதுக்கப்புறம் ஸ்பார்ட்டாவுக்கே ஜெயம்னு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுறாரு. அதே மாதிரி ஏதென்ஸ்காரங்க கி.மு. 475 வாக்குல ஸ்கைரோஸ் தீவுலருந்து அவங்க பழைய ராஜா தீசியஸோட எலும்புன்னு சொல்லிக் கொண்டு வந்தாங்க. எலும்பு எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊருக்குக் காவல்.

மேலூர்பாண்டி:

பழங்கல் அண்ணன் எழுதுனத படிக்கறப்ப எனக்கு எங்க ஊர்ப்பக்கம்தான் ஞாபகம் வந்துச்சு. மதுரை வீரன், காத்தவராயன் எல்லாம் யாரு, மாறுகால் மாறுகை வாங்கி, கழுவுல ஏத்தி, அப்பிடி கோரமா செத்துப்போய் அப்புறம் சாமியா நிக்கிறவங்கதான? எங்க அப்பத்தா ராத்திரி வீரன் கோவில் பக்கமா போனா பேசாம வாங்கடான்னு சொல்லும். கிரேக்கத்துலயும் அப்பிடி உண்டா?

பழங்கல்:

உண்டு தம்பி, அப்பிடியே உண்டு. ஹீரோ கோவிலத் தாண்டிப் போறவங்க வாயத் தொறக்காம போகணும், இல்லேன்னா ஏதாவது கெடுதல் பண்ணிடுவாருன்னு நம்பிக்கை. பலியும் அப்பிடித்தான். ஒலிம்பியால மேல இருக்கற சாமி, தெய்வங்களுக்கெல்லாம் ராஜா சியூஸுக்குப் பெரிய கோவில், பக்கத்துலயே பெலாப்ஸ்ங்கற ஹீரோவுக்கு ஒரு இடம், அவருக்கு வருஷா வருஷம் கறுப்புக் கிடா வெட்டுவாங்க. அந்தக் கறிய சாப்பிட்டவங்க சியூஸ் கோவிலுக்குள்ள போகக்கூடாது. ரத்தத்த பூமிக்குள்ள எறங்குற மாதிரி குழில விடறதும் உண்டு, ஏன்னா பலிய வாங்கிக்கறவர் மேல இல்ல, கீழ இருக்காரு.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லணும். மதுரை வீரன் கதை நடந்து ரொம்ப காலம் ஆகல. கிரேக்கத்துல கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்குல என்ன பண்ணாங்கன்னா, நானூறு ஐநூறு வருஷம் பழைய கல்லறைங்க, யாரோடதுன்னே தெரியாத கல்லறைங்க, அங்க போய் படையல் வைக்க ஆரம்பிச்சாங்க. ட்ராய் சண்டைல நின்ன ஆளுங்க படுத்திருக்கற எடம்னு நம்பினாங்க.

சொல்வேர்:

வாட்ஸப் ஃபார்வேர்ட் பத்தி கேட்டீங்களே சகோதரி, அது தப்பு. கேக்க ஒரே மாதிரி இருக்கு, ஆனா வீரனுக்கும் ஹீரோவுக்கும் ரத்த சம்பந்தம் கெடயாது.

வீரன்ல இருக்கற வீர- சமஸ்கிருதத்துலருந்து தமிழுக்கு வந்தது. அதுக்கு ஐரோப்பால சொந்தக்காரங்க இருக்காங்க, ஆனா ஹீரோ இல்ல. லத்தீன்ல விர்னா ஆம்பள, அதுலருந்து வந்ததுதான் இங்கிலீஷ் வர்ச்சூ, நற்குணம்னு இன்னைக்கு அர்த்தம், முதல்ல ஆண்மை. பழைய இங்கிலீஷ்ல வெர்னா ஆளு, வேர்வுல்ஃப்னு சொல்ற ஓநாய் மனுஷன்ல அந்த வெர் இன்னும் ஒட்டிக்கிட்டு நிக்குது. வீரனோட பங்காளி வேணும்னா அந்த ஓநாய் மனுஷன்கிட்டதான் போகணும்.

ஹீரோ வேற வழி. இங்கிலீஷுக்கு லத்தீன்லருந்து, லத்தீனுக்கு கிரேக்கத்துலருந்து. கிரேக்கத்துக்கு எங்கருந்துன்றதுதான் சுவாரசியமே. காப்பாத்துறதுங்கற அர்த்தத்துல செர்-னு ஒரு பழைய வேர், லத்தீன்ல செர்வாரேன்னா காப்பது, அதுலருந்து ஹீரோன்னா காவலன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, இப்பவும் நெறய எடத்துல அப்பிடித்தான் போட்டிருப்பாங்க. ஆனா 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பின்னு ரொம்பப் பழைய கிரேக்க எழுத்த வாசிச்சாரு பாருங்க, அதுல ஒரு சிக்கல் வந்துச்சு. பைலோஸ் அரண்மனைல கெடச்ச, கி.மு. 1200 வாக்குல எழுதுன களிமண் பலகைங்கள்ல திரிசெரோஏன்னு ஒரு பேரு வருது, மும்மடங்கு ஹீரோன்னு அர்த்தம் சொல்றாங்க, அவருக்கு வாசனை எண்ணெய் காணிக்கை குடுத்த கணக்கு அது. அந்த செர்வாரேயோட வேர்லருந்து வந்திருந்தா நடுவுல ஒரு வ-ஒலி இருந்திருக்கணும், அந்த எழுத்துல வ-வ விடாம எழுதுவாங்க, ஆனா இங்க வ இல்ல. அதனால கிரேக்கருங்க அந்த மண்ணுக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த ஜனங்களோட பாஷைலருந்து எடுத்த வார்த்தையா இருக்கலாம்னு இப்ப பலர் நெனைக்கிறாங்க.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா இந்த வார்த்த நம்ம கைக்குக் கெடைக்கற மொத எடத்துலயே அது காணிக்கை வாங்கிக்கிட்டு நிக்குது.

கரிசல்காடு:

எல்லாம் சரி, ஆனா பழங்கல் சார் சொன்னதுல ஒண்ணு இடிக்குது. இலியட், ஒடிசி பாடுன ஹோமர்ல உயிரோட இருக்கறவங்களையே ஹேரோஸ்னு சொல்றாரு. அதுவும் சண்டக்காரங்கள மட்டும் இல்ல, ஒடிசில டெமோடோகஸ்னு கண்ணு தெரியாத ஒரு பாட்டுக்காரர் வர்றாரு, அவர ஹேரோஸ்னு சொல்லியிருக்கு, தோட்டத்துல கெடக்கற கெழவன், ஒடிசியஸோட அப்பா லயர்டீஸயும் சொல்லியிருக்கு. செத்தாதான் ஹீரோன்னா இது எப்பிடி?

பழங்கல்:

நியாயமான கேள்வி, நான்தான் அவசரமா எழுதிட்டேன். ஹோமர்ல அது ஒரு மரியாதை சொல்லு மாதிரி, பெரியவரே, ஐயான்னு கூப்பிடற மாதிரின்னு வச்சுக்கலாம். ஆனா அந்தப் பாட்ட கேட்டுக்கிட்டு இருந்த ஜனங்களுக்கு அந்தக் கதைல வர்ற அத்தன பேரும் எப்பவோ செத்துப் போன பழைய காலத்து ஆளுங்க. ஹெஸியட்னு இன்னொரு பழைய கிரேக்கக் கவிஞர் இத தெளிவா சொல்றாரு, மனுஷ இனம் தங்கம், வெள்ளி, வெண்கலம்னு கீழ எறங்கி வந்துச்சு, இரும்பு காலத்துல நாம இருக்கோம், நடுவுல மட்டும் ஹீரோ இனம்னு ஒண்ணு, பாதி தெய்வம், தீப்ஸ்லயும் ட்ராய்லயும் அழிஞ்சு போச்சு. அந்த இனத்த சேந்தவன்றதுதான் ஹேரோஸ். அதனால பாட்டுக்காரனும் ஹீரோ, கெழவனும் ஹீரோ.

பின்னாடி காலத்துல இது இன்னும் எறங்கி வந்துடுச்சு. சாதாரண வீட்டு ஆளுங்க கல்லறைல கூட "நல்ல ஹீரோவே, போய் வா"ன்னு எழுத ஆரம்பிச்சாங்க, தெஸ்ஸலி பக்கம் அந்த மாதிரி கல்லுங்க நெறய. அங்க ஹீரோன்னா காலமான எங்க வீட்டு ஆளு, அவ்ளோதான். அத நெனச்சா எனக்கு மனசு என்னவோ பண்ணும். இப்பவும் கிரீஸ்ல ஊருக்கு ஊரு போர்ல செத்தவங்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கும், அதுக்குப் பேரு இரோஓ, பழைய ஹேரோஓன்ங்கற ஹீரோ கோவிலோட அதே வார்த்த.

ஞாயிறுகதை:

அப்பா, இவ்ளோ இருக்கா இதுல! எல்லாருக்கும் நன்றி. அப்ப செத்தவன்லருந்து கதைல வர்ற முக்கிய ஆளுன்னு எப்ப மாறுச்சு?

சொல்வேர்:

இங்கிலீஷுக்கு இந்த வார்த்த வந்தது 14ஆம் நூற்றாண்டு கடைசில, அப்ப பழைய கிரேக்க ரோமானியக் கதைல வர்ற பாதி தெய்வங்களுக்கு மட்டும்தான். 17ஆம் நூற்றாண்டு கடைசிக்கு வர்றப்ப நாடகத்துல, காவியத்துல முக்கியப் பாத்திரம்ங்கற அர்த்தம் வந்துடுச்சு, அந்தப் பாத்திரம் நல்லதா கெட்டதான்னு அதுல இல்ல. நம்ம சினிமா ஹீரோ இந்தக் கெளைல வந்தவர்தான். 1840ல லண்டன்ல தாமஸ் கார்லைல் ஹீரோக்கள பத்தி வரிசையா சொற்பொழிவு செஞ்சாரு, தீர்க்கதரிசி, கவிஞர், எழுத்தாளர், அரசர்னு எல்லாரையும் அதுல சேத்தாரு. மகான், மாமனிதன்ங்கற அர்த்தம் அந்த நூற்றாண்டுல நல்லா ஊனிப்போச்சு. 1898ல பேயர் கம்பெனி இருமல் மருந்தா ஒண்ண வித்தாங்க, அதுக்கு ஜெர்மன் மொழில ஹீரோத்தனமானதுன்னு அர்த்தம் வர்ற வார்த்தைலருந்து ஹெராயின்னு பேரு வச்சாங்க. அந்த மருந்து அப்புறம் எத்தன குடும்பத்த அழிச்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

தமிழம்மா:

நான் ஸ்கூல்ல தமிழ் எடுக்கறவ. மொழிபெயர்ப்பு கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே, அதனால எழுதுறேன் கண்ணு.

நாயகன்ங்கறது நடத்திக்கிட்டுப் போறவன், அதுவும் வடமொழி. தலைவன்னா நம்ம இலக்கணத்துலயே கெளை இருக்கு, பாட்டுடைத் தலைவன், கிளவித் தலைவன், காப்பியத் தலைவன். காப்பியம்னா தன்னிகர் இல்லாத தலைவன் வேணும்னு தண்டியலங்காரம் சொல்லுது. கதையோட ஹீரோன்னா தலைவன்னு போடு, தப்பே இல்ல. சண்டைல கெட்டிக்காரன்னா மறவன், வீரன்.

ஆனா இவங்க சொல்ற பழைய கிரேக்க அர்த்தத்துக்கு இது எதுவும் ஒட்டாது. ஒட்டறது நடுகல்லுதான். களவு போன ஆநிரைய, அதாவது மாட்டு மந்தைய, மீக்கப் போய் செத்தவனுக்குக் கல்லு தேடி, நீர்ல போட்டு, நட்டு, படையல் வச்சு வாழ்த்தறத தொல்காப்பியம் படிப்படியா சொல்லுது. அதியமான் செத்தப்ப அவன் கல்லுக்கு மயில்பீலி சூட்டி சின்னக் கலயத்துல கள்ளு ஊத்தறாங்க, இத வாங்கிக்குவானோன்னு ஔவையார் கலங்கறது புறநானூறு 232. நெல்லு தூவி கும்பிட எங்களுக்கு இந்தக் கல்லத் தவிர வேற கடவுள் இல்லன்னு 335ஆம் பாட்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பைல 2006ல கெடச்ச கல்லுல தமிழிங்கற பழைய தமிழ் எழுத்துலயே அப்பிடி ஒருத்தன் பேரு இருக்கு.

நடுகல்ல ஆராய்ச்சிக்காரங்க இங்கிலீஷ்ல ஹீரோ ஸ்டோன்னுதான் எழுதுவாங்க. இத்தன நாளா அத சும்மா படிச்சிட்டுப் போயிருக்கேன், இந்தப் பதில்கள பாத்த அப்புறம்தான் தோணுது, அந்த ஒரு எடத்துலதான் ஹீரோங்கற வார்த்த தன் பழைய அர்த்தத்துக்கு ரொம்ப கிட்ட நிக்குது. செத்தவன், கல்லு, கள்ளு, பயபக்தி.

ஞாயிறுகதை:

டீச்சர், உங்க கடைசி பத்திய ரெண்டு தடவ படிச்சேன். முடிவு பண்ணிட்டேன், ஹெர்குலிஸ ஹீரோன்னேதான் சொல்லப்போறேன், ஆனா மொதல்ல நடுகல் படம் ஒண்ணு காட்டிட்டு அதியமான்லருந்து ஆரம்பிச்சு அப்புறம் ஏழு முழ சவப்பெட்டிக்குப் போறேன். கிளியோமிடீஸ் கதைய பெரிய பசங்களுக்கு மட்டும். கிடா கதையும் சொல்லுவேன், ஆனா அந்தப் பொண்ணு கட்டாயம் கேப்பா, கறி தின்னவங்க எப்பதான் கோவிலுக்குப் போகலாம்னு. அது தெரியுமா பழங்கல் சார்?

பழங்கல்:

இந்தக் கிடா கதைய எழுதி வச்ச பழைய கிரேக்கப் பயணி பவுசானியஸ், ஒலிம்பியால எப்பன்னு எழுதல மேடம். ஆனா அதே எடத்துல பெர்கமம் ஊர பத்தி சொல்றாரு, அங்க டெலிஃபஸ்ங்கற ஹீரோவுக்குப் பலி குடுத்தவங்க வைத்தியத்துக்கான சாமி அஸ்க்லீபியஸ் கோவிலுக்குப் போறதுக்கு முன்னாடி குளிச்சுட்டுத்தான் போகணுமாம்.

மேலூர்பாண்டி:

எங்க அப்பத்தா சொல்றதும் அதேதான் அண்ணே. கறி தின்னா தலைக்கு ஊத்திட்டுத்தான் பெருமாள் கோவில் வாசல மிதிக்கணும்.