8க்கு 10 ரூம்ல தையல் ரூம், திங்கக்கிழமை கார்பென்டர் வர்றார், முதல்ல எதைச் செய்யறது?

செம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க செம்பூர்ல பழைய பில்டிங்ல நாலாவது மாடி. பையன் படிக்க புனே ஹாஸ்டலுக்குப் போயிட்டான், அவன் ரூமை நீயே தையலுக்கு வச்சிக்கோன்னு வீட்ல சொல்லிட்டாங்க. 8க்கு 10தான், ஒரே ஒரு ஜன்னல். பதினோரு வருஷமா ஹால்ல டிவி பக்கத்துலதான் தைக்கறேன், யாராவது வந்தா எல்லாத்தையும் சுருட்டி கட்டிலுக்கு அடியில தள்ளணும், வெட்டறது தரைல உக்காந்துதான், இப்ப முட்டி எந்திரிக்கவே விடமாட்டேங்குது. மிஷின் எங்கம்மாவோட கால் மிஷின், அவங்க காலத்துக்கப்புறம் திருநெல்வேலிலேருந்து பார்சல்ல வந்தது, அதை மட்டும் மாத்த மனசு வராது. பிகோவுக்கு ஒரு சின்ன ஜிக்ஜாக் மிஷின் இருக்கு. பில்டிங்ல ஒரு இருபது வீட்லேருந்து ஜாக்கெட் வருது.

கார்பென்டர் பத்தடி சுவர் முழுக்க கப்போர்டு போட்டுடலாம், எல்லாம் உள்ள போயிடும்னு சொல்றார். காசு நிறைய ஆகுது, அதான் யோசனை. கப்போர்டு முதல்ல போடலாமா? மிஷினை எந்தப் பக்கம் வைக்கணும்? பவர் மிஷின் வாங்கினா இந்த ரூம்ல அடங்குமா? கீழ்வீட்டுக்காரர் ராத்திரி சத்தம் கேக்குதுன்னு ரெண்டு தடவை மேல வந்துட்டார். அப்புறம் மழைக்காலம், போன ஜூலைல ஒரு பட்டு ஜாக்கெட்ல துரு புள்ளி விழுந்து புதுத்துணி வாங்கிக் குடுத்தேன், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

தாராவி மாஸ்டர்:
தங்கச்சி, கப்போர்டு இப்ப வேண்டாம். 90 ஃபீட் ரோட்டுப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல கட்டிங் மாஸ்டரா இருக்கேன், இந்த ரூமுல பாதி இடத்துல நாலு மிஷின் ஓட்டிருக்கோம், அதனால சொல்லுதேன். ரூம்ல முதல்ல வரவேண்டியது கட்டிங் பலகை. உங்க முட்டி வலிக்கும் அதுதான் மருந்து. சுவர்ல கீல் வச்ச மடக்குப் பலகை, 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம் போதும். கணக்கு பாத்துக்கிடுங்க, 44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணிய ரெண்டா மடிச்சா 22, 58 பன்னான்னா 29, பலகை அகலம் 30, அடங்கிருச்சா? குர்த்தி நீளமும் 48 இஞ்சுக்குள்ள முடிஞ்சிரும். தரைலேருந்து 36 இஞ்ச் உசரத்துல வைங்க, நின்னு வெட்டும்போது குனியக்கூடாது, நீங்க குட்டையா இருந்தா ரெண்டு இஞ்ச் குறைச்சுக்கிடலாம். மடிச்சு விட்டா தரைக்கு 6 இஞ்ச் மேல தொங்கும், கீழ கூட்டிப் பெருக்க வசதி.

ப்ளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை, அதாவது தண்ணி தாங்குற மெரைன் ப்ளைக்கான முத்திரை, இருக்கான்னு நீங்களே பாருங்க, மும்பை ஈரத்துக்கு சாதா ப்ளை ரெண்டு மழைக்கு மேல தாங்காது.

மிஷின் வைக்கறதுக்கு ஜன்னல் உங்க இடது கைப்பக்கம் வரணும். தலைமிஷினோட தூண் வலது பக்கம்தானே நிக்குது, வெளிச்சம் வலதுலேருந்து வந்தா அந்த நிழல் சரியா ஊசி மேலதான் விழும், கருப்புத் துணில கருப்பு நூல் ஓட்டும்போது கண்ணு போயிரும். பலகை உங்க முதுகுக்குப் பின்னால இருக்கட்டும், வெட்டிட்டு திரும்பி உக்காந்தா மிஷின், வலது கைப்பக்கம் எட்டற மாதிரி இஸ்திரி, எந்திரிச்சு நடக்கவே வேண்டாம். ஒரு மாசம் இப்படி ஓட்டிப் பாருங்க, எதை எங்க தேடுதீங்கன்னு உங்களுக்கே தெரியும், அப்ப கப்போர்டுக்கு அளவு குடுங்க.

பவர் மிஷின் அடங்கும், மேசை நாலடிக்குக் கிட்ட வரும். ஆனா ஜாக்கெட்டுக்கும் ஃபால்ஸுக்கும் அம்மா மிஷினே போதும்னு நினைக்கேன். வாங்கித்தான் ஆகணும்னா சர்வோ மோட்டார் கேளுங்க, அது மிதிச்சாத்தான் சுத்தும், கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதுலேருந்து நீங்க மிதிக்காட்டியும் உறுமிக்கிட்டே கெடக்கும், கீழ்வீட்டுக்காரர் தினம் வருவார். ஊசியும் வேற, வீட்டு மிஷின் ஊசி தண்டு ஒரு பக்கம் தட்டையா இருக்கும், பவர் மிஷின் ஊசி உருண்டை, ரெண்டையும் ஒரே டப்பால போட்டுறாதீங்க.

மாட்டுங்கா மாமி:
மாஸ்டர் சொன்னதுல ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். நான் துரு விஷயம் மட்டும் சொல்றேன், நானே பட்டிருக்கேன். அந்தப் புள்ளி எங்கேருந்து வந்திருக்கும் தெரியுமோ, மிஷின்லேயே மாட்டி விட்ட ஊசிதான். ரெண்டு நாள் தைக்காம விட்டா மழைக்காலத்துல ஊசில துரு ஏறிடும், மூணாம் நாள் நேரா பட்டுல இறங்கினா புள்ளி விழாம என்ன பண்ணும்? தினம் ராத்திரி ஒரு பழைய வேஷ்டித் துண்டை ப்ரஷர் ஃபுட் அடியில வச்சு ஊசியை அதுல இறக்கி விட்டுட்டுப் படு. காலைல அந்தத் துண்டுலயே பத்து தையல் ஓட்டு. எண்ணெய் கசிஞ்சிருந்தாலும் அதுலயே போயிடும், பட்டுக்கு வராது. பாபின் கேஸ், மிச்ச ஊசி எல்லாம் இறுக்கி மூடற டப்பால, செருப்புப் பெட்டில வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம், அதை ரெண்டு போட்டு வைக்கணும். உடைஞ்ச ஊசியைக் குப்பைல அப்படியே போடாதே, மாத்திரை பாட்டில்ல சேர்த்து மூடிப் போடு, குப்பை பொறுக்கறவா கை.

பட்டுத்துணியை பிளாஸ்டிக் கவர்ல வைக்கவே வைக்காதே, வேஷ்டித் துணில சுத்தி வை. ஜரிகை பக்கத்துல பாச்சை உருண்டை வேண்டாம், கறுத்துடும்.

இன்னொண்ணு. இருபது வீட்டு ஆர்டர்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு துணிப்பை தைச்சுக்கோ. அளவு ஜாக்கெட், துணி, லைனிங், கொக்கி எல்லாம் அந்தப் பையிலயே இருக்கணும், வெளில சீட்டு குத்தி பேர், தேதி, கழுத்து எவ்வளவு இறக்கம்னு எழுதிடு. கதவுக்குப் பின்னாடி ஒரு கம்பி அடிச்சு தேதி வாரியா மாட்டு. எங்காத்துல முன்னாடி அளவு ஜாக்கெட்டெல்லாம் ஒரே கூடைல கிடக்கும், ஒரு கல்யாண சீசன்ல ரெண்டு பேரோடது மாறி, அக்காவுக்குத் தங்கை அளவுல தைச்சு, முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பிரிச்சேன். அன்னிக்கு அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தது இன்னும் மறக்கலை.

லைனிங் வாங்கினவுடனே தண்ணில முக்கி உலர்த்தி மடிச்சு வை. காட்டன் லைனிங் அப்புறம் சுருங்கினா மேல்துணி தொளதொளன்னு நிக்கும்.

தானே நூல்கண்டு:
அக்கா, கரண்ட் வேலை கார்பென்டருக்கு முன்னாடி முடிச்சிடுங்க, சுவர்ல பலகை ஏறினப்புறம் ஒயர் இழுக்க முடியாது. சாதா இஸ்திரிப்பெட்டி 1000 வாட், அது 6 ஆம்ப் பிளக்ல ஓடும், ஸ்டீம் அயர்ன் 2000 வாட்னா கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும், அதுக்கு 16 ஆம்ப் பிளக் தனியா வேணும், மிஷின் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகவே கூடாது. லைட்டெல்லாம் லோஹார் சால் கரண்ட் சாமான் கடைத்தெருவுல பாருங்க, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டற அளவு) 90க்கு மேலன்னு கேட்டு வாங்குங்க, இல்லைன்னா மெரூனும் பிரவுனும் ராத்திரில ஒண்ணாத்தான் தெரியும். நூல் கலர் பாக்கும்போது கண்டா பாக்காதீங்க, ஒரு இழை பிரிச்சு துணி மேல போட்டுப் பாருங்க, கண்டுல இருக்கறதை விட ஒத்தை இழை வெளிறித்தான் தெரியும், சந்தேகமா இருந்தா ஒரு ஷேடு அடர்த்தியா எடுங்க. நான் மங்கள்தாஸ் மார்க்கெட்ல துணி எடுத்துட்டு அந்தத் துண்டோடயே புலேஷ்வருக்கு நடந்து போய் லேஸ், பட்டன் எல்லாம் சேர்த்துப் பாத்துடுவேன்.

சத்தத்துக்கு, மிஷின் சுவர்ல இடிக்காம ஒரு கை அளவு தள்ளி வைங்க, அதிர்வு சுவர் வழியாத்தான் கீழ இறங்குது. நாலு காலுக்கும் கெட்டி ரப்பர் பாய் வெட்டிப் போடுங்க.

செம்பூர்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியே நானும் வீட்டுக்காரரும் மிஷினைத் திருப்பிப் போட்டுட்டோம், ஜன்னல் இடது பக்கம். இன்னிக்கு சாயங்காலம் ஒரு கருப்பு வெல்வெட் ஜாக்கெட், லைட்டே போடாம ஆறு மணி வரைக்கும் தைச்சேன், நூல் ஓட்டம் ஒவ்வொண்ணும் கண்ணுக்குத் தெரியுது. இத்தனை வருஷம் அம்மா மிஷின்ல எனக்குத்தான் கண்ணு மங்குதுன்னு நினைச்சிட்டிருந்தேன். மேற்கு வெயில்ங்கறதால ஒரு மெல்லிசு காட்டன் திரை மட்டும் போட்டேன், துணி வெளிறிடும்னு பயம். மாமி, வேஷ்டித் துண்டும் வச்சாச்சு.

கார்பென்டர்கிட்ட பலகைக்கு மட்டும் அளவெடுங்க, கப்போர்டு தீபாவளி ஆர்டர் முடிஞ்சதும்னு சொல்லிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாஸ்டரண்ணா, பலகை மேல சன்மைகா வழவழப்பா போடறதா சொரசொரப்பாவா? ரெண்டு சாம்பிள் காட்டறார்.

தாராவி மாஸ்டர்:
சொரசொரப்பான மேட் ஃபினிஷே போடுங்கம்மா, வெள்ளை. வழவழன்னு இருந்தா க்ரேப்பும் ஷிஃபானும் கத்திரி படுமுன்னே நழுவி ஓடிரும். உங்க பக்கத்து ஓரத்துல ஒரு இஞ்ச் டேப்பை நீளத்துக்கு ஒட்டிருங்க, இடது மூலைல 0 வரணும். துணி டேப் நாள்பட இழுத்துக்கிடும், அதனால ஒட்டுமுன்ன ஸ்டீல் ஸ்கேலோட ஒரு தடவை வச்சுப் பாருங்க. கீலுக்குக் கீழ சுவர்ல ஆங்கர் போல்ட் அடிக்கச் சொல்லுங்க, வெறும் ஸ்க்ரூ வேண்டாம், வெட்டும்போது நாம நம்ம எடை முழுக்க அதுமேலதான் சாயுதோம்.