கொழுந்து நிறுக்கும் நேரத்தில் சர்வர் திணறுகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இலங்கையின் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து நிறுவையைப் பதியும் செயலியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் எல்லா மலையிலிருந்தும் ஒரே நேரத்தில் பதிவுகள் வரும்போது 504 பிழை (பதில் நேரத்துக்கு வரவில்லை என்பது) வருகிறது. சரியாக 60 வினாடியில் அறுபடுகிறது, அது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் இயல்பு வரம்பு. சரி என்று 180 ஆக்கினேன், காத்திருப்புதான் நீண்டது. சிபியு சும்மாவே இருக்கிறது. பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் பதிவுக் கோப்பில் மட்டும் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய செயல்முறைகளின் உச்ச எண்ணிக்கை) 5ஐ எட்டிவிட்டதாக எச்சரிக்கை. ரேம் 2 ஜிபிதான், அந்த 5ஐ எவ்வளவு கூட்டலாம்? இல்லை, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏதாவது பூட்டு (லாக்) பிடித்து எல்லாம் வரிசையில் நிற்கிறதா? அதை எப்படிப் பார்ப்பது?

ஒரு பதிவு விடுபட்டாலும் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவின் அன்றைய கிலோ குறைந்துவிடும். அதனால் இப்போதைக்குத் தாளிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.