ஆர்க் மோடில் நிரல்துண்டுக்கொரு பைத்தான் பதிப்பு: சுருக்கு வழி உண்டா?

வணக்கம். கிருஷ்ணகிரி மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு ஈமேக்ஸ் எடிட்டரின் ஆர்க் மோடில் (உரையும் ஓட்டக்கூடிய நிரல்துண்டுகளும் ஒரே கோப்பில் இருக்கும் வசதி) தயாராகிறது. பைத்தான் 2.7, 3 இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்ட வேண்டும்: 5/2 முன்னதில் 2, பின்னதில் 2.5. கண்ணால் பார்த்தால்தான் மனதில் பதியும்.

துண்டின் தலைப்பு வரியில் அந்தந்தப் பதிப்பின் பாதையைக் கொடுத்தால் சரியாக ஓடுகிறது. செஷன் (பல துண்டுகள் ஒரே இன்டர்பிரட்டரில், அதாவது பைத்தானை இயக்கும் நிரலில், தொடர்ந்து ஓடுவது) போட்டால்தான் சிக்கல். ஒரே செஷன் பெயர் என்றால் முதலில் திறந்த இன்டர்பிரட்டரே தொடர்கிறது. பிழைச் செய்தி இல்லாமலே தப்பான விடை அச்சாகிவிடும், அதுதான் ஆபத்து. பதிப்புக்கொரு செஷன் பெயர் வைத்தால் தீர்கிறது. ஆனால் பாதை, பெயர் இரண்டையும் ஒவ்வொரு துண்டிலும் எழுத வேண்டும். ப்ராப்பர்ட்டி டிராயரில் (ஒரு பகுதித் தலைப்பின்கீழுள்ள எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவான அமைப்புகளை எழுதும் இடம்) வைக்கலாமென்றால், ஒரே தலைப்பின்கீழ் இரு பதிப்பும் கலந்து வருகின்றன.

‘பை2’, ‘பை3’ என்று தனி மொழிப்பெயராகவே அறிவித்து, பாதையும் செஷனும் தானாக அமையும்படி செய்தவர்கள் அந்த ஈலிஸ்ப் (ஈமேக்ஸின் நிரல்மொழி) வரிகளைப் பகிருங்களேன்.