வண்டி இரைச்சல் இல்லாத சைக்கிள் வழி: வரைபடத்தில் எதைப் பார்க்கிறீர்கள்? (பலரின் அனுபவப் பகிர்வு; * குறிக்குப் பின் அடுத்தவரின் பதில்)

பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையின் வகை இருக்கும், எத்தனை வண்டி ஓடுகிறது என்பது இருக்காது. பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி, அன்கிளாசிஃபைட், ரெசிடென்ஷியல் (பெரிய சாலையில் தொடங்கி குடியிருப்புத் தெரு வரை) என்ற வகையை வைத்துத்தான் வழி காட்டும் செயலி அமைதியை ஊகிக்கிறது. இதில் அன்கிளாசிஃபைட் என்பதை 'வகை தெரியாத சாலை' என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஊருக்கு ஊர் போகும் சிறு சாலைக்குத்தான் அந்தப் பெயர். நமக்கு வேண்டியதே அதுதான்.

ஊகம் பொய்யாவது குறுக்கு வழிகளில். இரண்டு பெரிய சாலைகளை ஒரு சிறு சாலை நேராக இணைத்தால், லாரியும் காரும் அதில்தான் பாயும். வளைந்து நெளிந்து போகும் சாலையில் வண்டி குறைவு. சந்தேகம் இருந்தால் வேலைநாள் காலை எட்டு மணி வாக்கில் கூகுள் மேப்ஸின் போக்குவரத்து அடுக்கைப் போட்டுப் பாருங்கள். நிறமே விழாத சாலையில் பெரும்பாலும் கூட்டம் இருக்காது.

*

வழி போடுவதற்கு, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து சைக்கிள் வழி கணக்கிடும் பிரவுட்டர் (BRouter) என்ற கருவியைப் பரிந்துரைக்கிறேன். அது சாலையின் ஒவ்வொரு மீட்டரையும் ஒரு எண்ணால் பெருக்கிப் பார்க்கும். பெரிய சாலைக்கு 3, சிறு சாலைக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சாலையில் 1 கி.மீ. போவதைத் தவிர்க்க, 3 கி.மீ. வரை சுற்றிக்கொண்டு போக அது தயங்காது. அந்த எண்ணை 10 ஆக்கினால் அமைதி கூடும் என்று நினைப்பது தவறு. 200 மீட்டர் பெரிய சாலைக்குப் பயந்து வயலுக்குள் இறக்கிவிடும். எண்ணைக் கூட்டாமல், தொந்தரவு தரும் அந்த ஓர் இடத்தில் மட்டும் தடை வட்டம் (வழி இதற்குள் போகக் கூடாது என்ற குறி) போடுங்கள். ஒரே புள்ளிகளுக்கு மாற்று வழிகளும் காட்டும். அவற்றையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிப் பதிவுச் செயலியின் ஹீட்மேப்பை (பயனர்கள் அதிகம் போன பாதைகளைப் பளிச்சென்று காட்டும் வரைபடம்) மட்டும் நம்பி வழி போடாதீர்கள். பலர் போன சாலை என்றுதான் அது சொல்லும். வேகமாக ஓட்டுபவர்கள் அகலமான நெடுஞ்சாலையையே விரும்புவதால் அங்கும் அது பளிச்சென்று எரியும்.

*

வயலுக்குள் இறங்குவது பற்றிச் சொன்னதால் இது: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் 'டிராக்' (வயல், காட்டுப் பாதை) என்று இருந்தால் அதன் தரத்தையும் பாருங்கள். கிரேடு 1 கெட்டியான தளம், கிரேடு 5 வெறும் மண். 28 மி.மீ. டயருக்கு கிரேடு 2 வரை சரி, 40 மி.மீ. இருந்தால் கிரேடு 3 போகலாம். மழை பெய்த மறுநாள் 4, 5 பக்கம் திரும்பவே வேண்டாம், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பிக்கொள்ளும். தரமே குறிக்காத பாதைதான் அதிகம். செயற்கைக்கோள் படத்தில் இரண்டு சக்கரத் தடமும் நடுவில் புல்லும் தெரிந்தால் அது பெரும்பாலும் மண்பாதை.

*

எல்லோரும் சாலையைச் சொல்கிறீர்கள், கடக்கும் இடத்தை விட்டுவிட்டீர்கள். 30 கி.மீ. அமைதியாக வந்து, சிக்னல் இல்லாத நான்கு வழிச்சாலையைக் குறுக்கே கடக்க நின்றால் அந்த அமைதி என்ன பயன்? பல செயலிகள் இந்த ஆபத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வழியைப் போட்டபின் பெரிய சாலையை வெட்டும் ஒவ்வோர் இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தில் சுரங்கப்பாதையோ சிக்னலோ இருந்தால் 500 மீட்டர் கூடினாலும் வழியை அங்கே இழுத்து வையுங்கள்.

அப்படி இழுக்கும்போது புள்ளி எதிர்த் தடத்தில் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் தொலைவில் போய்த் திரும்பி வரும்படி ஒரு வால் முளைக்கும். மொத்தத் தூரம் திடீரென்று 2, 3 கி.மீ. ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கடைசியாக, போட்ட வழியை ஜிபிஎஸ் கருவிக்கு மாற்றும் ஜிபிஎக்ஸ் கோப்பை 'ரூட்' ஆக இல்லாமல் 'டிராக்' ஆகச் சேமியுங்கள் (இங்கே டிராக் என்பது வயல் பாதை அல்ல, வழி முழுவதையும் நெருக்கமான புள்ளிகளாகக் கொண்ட தடம்). ரூட்டில் சில புள்ளிகள் மட்டுமே இருந்தால் இடையில் உள்ள வழியைக் கருவி தன் இஷ்டத்துக்குக் கணக்கிடும், பார்த்துப் பார்த்துத் தவிர்த்த நெடுஞ்சாலையே திரும்ப வரும். வழி தவறினால் தானாக மறுகணக்கீடு செய்யும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, வரைபடத்தை மட்டும் முன்பே இறக்கி வையுங்கள்.